வயரைப் பிடுங்கச் சொன்ன ரெஜினா

ரெஜினா இறந்துபோன செய்தி எனக்கு ரெஜினாவிடமிருந்தே வந்தது.

காலையில் வீட்டு வேலை ஓய்ந்ததும் வழக்கம்போலக் கம்ப்யூட்டரைப் போட்டேன். இணைப்பு கிடைத்தவுடன் மெசஞ்சரில் அவள் பெயர் போட்ட சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்துகளில், ரெஜினா காலமாகிவிட்டார், அடக்கம் நாளை மாலை என்று இரண்டே வரி. எனக்குத் துக்கம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஊரிலுள்ள கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவளுடைய ஐடியிலேயே வைரஸ் புகுந்துவிட்டதே, நேரில் பார்க்கும்போது இதைச் சொல்லியே அவளை ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் எங்களுக்கெல்லாம் பழக்கியிருந்தபடி, மேசைக்குப் பின்னால் கையை விட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து டெலிபோன் வயரைப் பிடுங்கினேன். பிறகு அவள் கடைக்குப் போன் போட்டேன்.

அவளுடைய தம்பி அந்தோணி எடுத்தான். “உங்கக்கா ஐடில இருந்து கண்டதெல்லாம் வருதுப்பா, அவள மொதல்ல பாஸ்வேர்டை மாத்தச் சொல்லு” என்றேன். “நெசந்தாங்க்கா. அக்கா லிஸ்ட்ல இருக்கறவங்களுக்கு எல்லாம் நான்தான் அனுப்பிட்டு இருக்கறேன். வேற எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல” என்றான்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இதயத்து வால்வில் கோளாறு. அதை அவள் பெரிதாகச் சொன்னதில்லை. மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று, “லோடு ஆவுது, இரு” என்பாள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்தோணியிடம் என்ன சொல்லிப் போனை வைத்தேன் என்று நினைவில்லை. பிடுங்கிய வயர் கையிலேயே இருந்தது. அழுகை வரவில்லை.

மரக்காணம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மாடியில் இருந்த அவளுடைய பிரவுசிங் சென்டருக்குப் படியேறிய உங்களுக்கு நான் அவளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இந்த நினைவு மலர் வெளியூருக்கும் போகும் என்கிறார்கள், அதனால் சொல்கிறேன். ரெஜினா புதுச்சேரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள். சென்னையில் வேலை கிடைத்தும் போகவில்லை. மற்ற கடைகளில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தட்டி வைத்துத் திரை தொங்கவிட்டிருப்பார்கள். இவள் கடையில் திரையே கிடையாது. ஒருவன் இதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டபோது, “ஏம்பா, நீ இன்னா பாக்கற, துணிக்கடை டிரையல் ரூமா?” என்று கேட்டாள். அவன் அதற்குப் பிறகு வரவில்லை, அவளும் அதற்காக வருத்தப்படவில்லை.

கோளாறான கம்ப்யூட்டருடன் யார் வந்தாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: “கடைசியா இன்னா பண்ணீங்க? திட்டமாட்டேன், சொல்லுங்க.” எல்லோரும் ஒன்றுமே பண்ணவில்லை என்றுதான் சொல்வார்கள். அவள் விடமாட்டாள். எதைத் திறந்தீர்கள், எந்த சிடி போட்டீர்கள், யார் அனுப்பிய மெயில் என்று வரிசையாகக் கேட்டு உண்மையை வாங்கிவிடுவாள். வாங்கிய பிறகு நன்றாகத் திட்டுவாள். திட்டமாட்டேன் என்றீர்களே என்று கேட்டால், “அது சொல்ற வரைக்கும்தான்” என்பாள்.

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது சுனாமிக்குப் பிறகு. என் கணவர் குமரேசன் மஸ்கட்டில் ஏசி பராமரிப்பு வேலையில் இருக்கிறார். கடல் வந்த அன்று டெலிபோன் கிடைக்காமல், எங்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவர் அங்கே துடித்துப்போனார். இனிமேல் குரல் மட்டும் போதாது, முகத்தைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கேமராவுடன் கம்ப்யூட்டர் வாங்க ஏற்பாடு செய்தார். அதைக் கூடத்து மூலையில் பூட்டி, இணைப்புக் கொடுத்து, எனக்கு மெசஞ்சர் கற்றுத் தந்தவள் ரெஜினா. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, வந்த அன்றே வா போ என்று ஆகிவிட்டது. இணைப்புக் கிடைக்கும்போது மோடம் போடும் கீச்சுச் சத்தம் கேட்டு என் மாமியார் காதைப் பொத்திக்கொண்டதால், அந்தச் சத்தத்தையும் அவளே அடக்கி வைத்தாள். கிளம்பும்போது, “பேசினாலும் பேசலன்னாலும் தெனமும் கொஞ்ச நேரம் ஓட விடு. இந்த உப்புக் காத்துக்குச் சும்மா கெடந்தா உள்ள ஈரம் ஏறிடும்” என்றாள். எங்கள் வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் உப்பளம்தான். ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒருமுறை துருவாக உதிரும். அதனால் பகலெல்லாம் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சென்ற வருடம் கோடையில், உப்பு வாரும் மும்முரத்தில், எங்கள் வீட்டில் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் நடந்தன. மத்தியான நேரத்தில் மஸ்கட்டிலிருந்து அவர் போன் செய்தால் லைன் எங்கேஜ்டாகவே இருந்தது. “யார்கிட்ட பேசிட்டு இருந்த?” என்று கேட்டார். நான் யாரிடமும் பேசவில்லை என்றேன். என் மாமியார் கூடத்தில் படுத்திருக்கும்போது டெலிபோன் தானாக ஒருமுறை ‘டிங்’ என்று லேசாக ஒலித்து அடங்குமாம். அடுத்த அறையில் இருக்கும் எனக்கு யாரோ ரகசியமாக ஜாடை கொடுக்கிறார்கள் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. அப்போது என்னிடம் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் மஸ்கட்டில் என் கணவருடைய அறை நண்பர்களுக்கு என் ஐடியிலிருந்து ஒரு செய்தி போயிருக்கிறது. இவை என் படங்கள், உனக்கு மட்டும், பார் என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஒரு இணைப்பு. அதைத் தட்டினால் யாரோ ஒரு பெண்ணின் அசிங்கமான படம். அவர் சில சமயம் நண்பர்களுடைய ஐடியில் இருந்தும் பேசுவார் என்பதால் அவர்களுடைய பெயரெல்லாம் என் மெசஞ்சரில் இருந்தது. அறையில் சிரித்திருக்கிறார்கள். அவர் உடனே போன் செய்தார். எனக்குச் செய்யவில்லை. தன் அண்ணனுடைய செல்போனுக்குச் செய்தார்.

அண்ணன் தனசேகர், எங்கள் உப்பளத்தைப் பார்த்துக்கொள்பவர், கெட்ட மனிதர் அல்ல. அளத்தில் இருந்து நேராக வந்தார், காலில் உப்புச் சேறு. கம்ப்யூட்டரை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. கீபோர்டையும் மவுசையும் மட்டும் பிடுங்கி, என் மாமியாரின் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். “இனிமே எதுல டைப் அடிக்கறான்னு பாக்கறேன்” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

என் அப்பாவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிக் கிளியனூருக்கு ஆள் அனுப்பினார்கள். அப்பா வந்தால் நான் அவருடன் போக வேண்டியிருக்கும். போனால் எப்படிப்பட்ட பேச்சோடு போவேன், திரும்பி வருவேனா என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது. நான் அனுப்பவில்லை என்று எத்தனை முறைதான் சொல்வது? அந்தச் செய்தியில் என் பெயர் இருந்தது. அது போன நேரத்தில் நான் வீட்டில் தனியாக இருந்தேன். ஆகாத ஒன்றைக் கேட்கிறேன், உங்களுக்கு அப்படி ஒன்று நடந்தால் எதை வைத்து மறுப்பீர்கள்?

மளிகைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ரெஜினாவின் கடைக்குப் போனேன். படியிலேயே அழ ஆரம்பித்துவிட்டேன். அவள் எழுந்துகூட வரவில்லை. “வயரப் புடுங்கினியா?” என்று கேட்டாள். எந்த வயர் என்றேன். “டெலிபோன் வயர். மொதல்ல வயரப் புடுங்கணும். அப்புறம் ஆளுக்குப் போன் போட்டுக் கேக்கணும். அழறது கடைசி” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுதுகொண்டு வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அழுகை நின்றுவிட்டது.

பிறகுதான் நாற்காலி கொடுத்து, அந்தக் கேள்வியைக் கேட்டாள். கடைசியாக என்ன செய்தேன்? திட்டமாட்டாளாம். நான் யோசித்துச் சொன்னேன். சில நாட்களுக்கு முன் என் கணவருடைய ஐடியிலிருந்து ஒரு செய்தி வந்தது, என் படங்களைப் பார் என்று. அவருடைய போட்டோதானே என்று ஆசையாகத் தட்டினேன். படம் எதுவும் வரவில்லை. திரை ஒருமுறை சிமிட்டியது, அவ்வளவுதான். லைன் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

ரெஜினா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “எல்லாம் பாசத்துலதான் வருது செல்வி. வேண்டாதவன் அனுப்பினா யாரு தொறப்பா? அத எழுதினவனுக்கு அது நல்லாத் தெரியும்.” அது என்ன என்று விளக்கினாள். யாரோ ஓர் ஆள் உட்கார்ந்து எழுதிய புரோகிராம் அது. நாம் தட்டியதும் நமது கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் தானும் எழுந்துகொள்ளும். யாரும் கேட்காமலே டெலிபோன் லைனைப் பிடித்து இணைப்புப் போடும். மெசஞ்சரில் இருக்கிற பெயருக்கெல்லாம் நம் பெயரில் அதே வலையை வீசிவிட்டு, லைனைத் துண்டித்துக்கொள்ளும். லைன் எங்கேஜ்டாக இருந்ததும் டெலிபோன் முனகியதும் எதனால் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“அப்ப நீ வந்து எங்க வீட்ல சொல்லு, நான் அப்பிடிப்பட்டவ இல்லன்னு” என்றேன்.

“அதச் சொல்ல மாட்டேன்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் சாவகாசமாகச் சொன்னாள்: “நீ நல்லவன்னு நான் சொன்னா, உன் ஃப்ரெண்டு அப்பிடித்தான் சொல்லுவான்னுவாங்க. மெஷினையே பேச வைக்கறேன். ஆனா ஒண்ணு, அது இன்னொரு தடவ அனுப்பணும். அந்த அசிங்கம் உன் பேர்ல திரும்பவும் போவும். ஒத்துக்கறியா?”

நான் ஒத்துக்கொண்டேன். வேறு யாரையும் அது தொடக்கூடாது என்று அவள் முன்னேற்பாடு செய்தாள். என் ஐடியை அவள் கடையில் திறக்கச் சொன்னாள். பாஸ்வேர்டை அவள் கேட்கவில்லை. நான் டைப் அடிக்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மெசஞ்சரில் இருந்த பெயர்களையெல்லாம் எடுக்க வைத்தாள். என் கணவர் பெயரையும் தன் பெயரையும் மட்டும் விட்டாள். அந்தப் பெயர்க்காரர்களுக்கெல்லாம், தட்டாதீர்கள், தட்டியிருந்தால் இன்ன மாதிரி செய்யுங்கள் என்று தன் ஐடியிலிருந்து தகவல் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை என் அப்பா வந்து உட்கார்ந்திருந்தபோது அவள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். என் மாமியார் எழுந்து வழியை மறித்தார். “நீதானே இந்தச் சனியன மாட்டிக் குடுத்தவ? இப்ப இவளுக்குச் சாட்சி சொல்ல வந்தியா?”

“இவ நல்லவன்னு சொல்ல நான் வரலம்மா. மெஷினப் பாக்க வந்தேன்” என்றாள் ரெஜினா. அந்தப் பதில் என் மாமியாருக்கு எதிர்பாராதது. வழியை விட்டார்.

தனசேகர் மாமா பீரோ சாவியை எடுத்து நீட்டினார். ரெஜினா கையை நீட்டவில்லை. “அது பூட்டின மேனிக்கே இருக்கட்டும்ணா. கீபோர்டும் வாணாம், மவுசும் வாணாம். செல்வி, நீ போய் உங்கப்பா பக்கத்துல உக்காரு. நானும் இங்க அம்மா பக்கத்துல உக்கார்றேன். யாரும் கிட்டப் போவ வாணாம்” என்றாள். திரையை மட்டும் போட்டுவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தாள். அவள் கேட்டுக்கொண்டபடி மாமா தன் செல்போனில் மஸ்கட்டுக்குக் கூப்பிட்டார். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அவள் தன் ஐடியிலிருந்து முன்பே தகவல் விட்டிருந்தபடி, என் கணவர் காலியான ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் மெசஞ்சரைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். மாமா போனைக் காதில் வைத்தபடி நின்றார். நாங்கள் எல்லோரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. போட்டு வைத்த டீ ஆடை கட்டியது. என் அப்பா என்னைப் பார்க்காமல் துண்டை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் உப்பு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். “லோடு நிக்குதும்மா, இன்னும் எவ்ளோ நேரம்?” என்றார் மாமா. ரெஜினாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் வியர்த்திருந்தது. இன்று பார்த்து அது சும்மா இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் நினைத்ததைத்தான் அவளும் நினைத்திருப்பாள்.

‘டிங்’ என்றது டெலிபோன்.

என் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். டெலிபோன் அவருக்குக் கையெட்டும் தூரத்தில், ஸ்டூலின் மேல், அசையாமல் இருந்தது. கம்ப்யூட்டர் திரையின் கீழ் மூலையில் இணைப்பு கிடைத்ததற்கு அடையாளமாகச் சின்னப் படம் ஒன்று எழுந்தது. மெசஞ்சர் தானாகத் திறந்தது. அதற்குள்ளே இன்னொரு பெட்டி, அதன் தலையில் குமரேசன் என்று என் கணவர் பெயர். யாரும் தொடாத அந்தப் பெட்டியில் ஆங்கில எழுத்துகள் ஒரே வீச்சில் வந்து விழுந்தன. பெட்டி மூடிக்கொண்டது.

போனில் என் கணவர் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது. “அண்ணா! வந்துச்சுண்ணா! இப்பதான் வந்துச்சு! யாரு அடிச்சது?”

மாமா பீரோவைப் பார்த்தார். கையிலிருந்த சாவியைப் பார்த்தார். “யாரும் அடிக்கலடா. தானா அடிக்குதுடா அது” என்றார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன்.

ரெஜினா எழுந்து போய் வயரைப் பிடுங்கினாள். பிறகு மாமாவிடம் போனை வாங்கினாள். “குமரேசன் சார், நான் ரெஜினா பேசறேன். போன வாரம் உங்க ஐடில இருந்தும் எனக்கு இதே மெசேஜ் வந்துச்சு, உங்க படத்தப் பாருன்னு. நான் உங்களத் தப்பா நெனைக்கல சார். யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. உங்க வீட்டுக்காரம்மாவுக்கு அது உங்ககிட்ட இருந்துதான் வந்துது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போனை என்னிடம் கொடுத்தாள். “உன்கிட்ட கேட்டிருக்கணும் செல்வி” என்றார் என் கணவர்.

இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று பிறகு அவளிடம் சண்டை போட்டேன். “சொல்லியிருந்தா இன்னா ஆவும்? அவரும் தப்பு, நீயும் தப்புன்னு ரெண்டு பேரு ஆயிருப்பீங்க. எனக்கு இன்னொரு குத்தவாளியா வேணும்?” என்றாள்.

அன்று மத்தியானம் முழுக்க அவள் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தாள். புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார் மாமா. அவளுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. “எடுத்ததும் அழிக்கறது வைத்தியமாண்ணா? மொதல்ல யாரு வந்து உக்காந்துருக்கான்னு பாப்போம்” என்றாள். மிகக் குறைந்த புரோகிராம்களோடு மட்டும் கம்ப்யூட்டரைத் துவக்கும் வழி ஒன்று இருக்கிறது, அப்படித் துவக்கினாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்தவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். நிஜமான ஒன்றின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு ஒன்று நல்ல பிள்ளைபோல் நடுவில் இருந்தது. அதை நிறுத்தி, கம்ப்யூட்டரோடு அது எழுந்துகொள்ளாதபடி செய்து, கடையில் இருந்து சிடியில் கொண்டுவந்த ஆன்டிவைரஸைப் போட்டு முழுக்கத் தேட விட்டாள். பாஸ்வேர்டை இங்கே மாற்றாதே, என் கடைக்கு வந்து சுத்தமான கம்ப்யூட்டரில் மாற்று என்றாள்.

என் மாமியார் அவள் பின்னாலேயே நின்றுகொண்டு, இது காற்றில் வருமா, கைபட்டால் ஒட்டுமா, உப்புக்குச் சாகுமா என்றெல்லாம் கேட்டார். ரெஜினா ஒன்றுக்குக்கூடச் சிரிக்காமல் பதில் சொன்னாள். ஓட்டையைத் தேடித் தானாகவே நுழைகிற ஜாதியும் உண்டு, ஆனால் நம் வீட்டுக்கு வந்தது நாம் கதவு திறந்தால்தான் வரும் என்றாள். கீபோர்டு தேவைப்பட்டபோது என் மாமியாரே பீரோவைத் திறந்தார். எடுத்து ரெஜினாவிடம் கொடுக்காமல் என்னிடம் வந்து நீட்டினார். “துணி சுத்தித்தான் வெச்சிருந்தேன். தூசு படல” என்றார். எங்கள் வீட்டில் மன்னிப்பு அந்த மாதிரிதான் கேட்பார்கள். கீபோர்டில் பாச்சை உருண்டை வாசனை அடித்தது, இன்றும் லேசாக அடிக்கிறது. என் அப்பா சாப்பிட்டுவிட்டுத் தனியாகக் கிளியனூர் பஸ் ஏறினார்.

ரெஜினா எல்லாம் தெரிந்தவள் என்று நான் எழுதினால் அவளே எழுந்து வந்து திட்டுவாள். இடையஞ்சாவடியில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக அணைந்து அணைந்து எழுந்தது. இவள் அதில் ஒரு பகல் முழுக்க வைரஸைத் தேடினாள். கடைசியில் மூடியைக் கழற்றினால், உள்ளே இருந்த சின்ன மின்விசிறி துருப்பிடித்து நின்றுபோயிருந்தது. சூடு தாங்காமல் அணைந்திருக்கிறது. வேறொருத்தியாக இருந்தால் மறைத்திருப்பாள். இவள் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “எல்லாமே வைரஸ் இல்லபா. செலது வெறும் துரு” என்பாள். யாராவது எதற்காவது அளவுக்கு மீறிச் சந்தேகப்பட்டால் அதைத்தான் சொல்வாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்கள் தெருவில் அவளுக்குப் பெரிய விளம்பரம் என் மாமியார்தான். யார் வீட்டில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும், “மொதல்ல வயரப் புடுங்குங்கடி” என்று வாசலில் இருந்தே குரல் கொடுப்பார். பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணைப் பற்றி ஏதோ வதந்தி கிளம்பியபோது, பேச வந்தவர்களை நிறுத்தி, “அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா?” என்று கேட்டதும் அவர்தான். அதைக் கேட்டபோது நான் அடுப்படியில் இருந்தேன். ரெஜினாவிடம் போய்ச் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, “உங்க மாமியாருக்கு ஒரு ஐடி ஓபன் பண்ணிக் குடுத்துடு” என்றாள். கொடுத்திருக்கிறேன். அவர் மகனிடம் தானே பேசுகிறார்.

அடக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். தனசேகர் மாமா சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். என் மாமியார் மாதா கோவில் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கடையை மூடப் போவதில்லை என்று அந்தோணி சொன்னான். பகலில் நான் போய் உட்காருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. அவளளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று தெரியும். திட்டமாட்டேன், சொல்லுங்கள் என்று கேட்பேன். சொன்ன பிறகு திட்டுவேனா என்பதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும்.

மெசஞ்சரில் அவளுடைய பெயர் இப்போதும் இருக்கிறது, விளக்கணைந்த மாதிரி சாம்பல் நிறத்தில். எடுத்துவிடட்டுமா என்று அந்தோணி கேட்டான். வேண்டாம் என்றேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பெயர் மட்டுமல்ல. அது என்ன என்று சொல்ல, செய்தி வந்த அந்தக் காலைக்கே திரும்பப் போக வேண்டும்.

அந்தோணியோடு பேசிவிட்டு, பிடுங்கிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அல்லவா? அப்போது டெலிபோன் அடித்தது. மஸ்கட். என் கணவர். ரெஜினாவின் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது, அவருக்கும் அதே செய்தி போயிருக்கிறது.

“செல்வி, ரெஜினா ஐடில இருந்து ஒரு மாதிரியா மெசேஜ் வந்துருக்குது. நம்பறதா வாணாமான்னு தெரியல. அண்ணனுக்குப் போன் பண்ணல. உன்னக் கேட்டுட்டு அப்புறம் பாக்கலாம்னுதான்...” என்றார்.

வயரைப் பிடுங்கியாயிற்று, ஆளைக் கேட்டாயிற்று. அதன் பிறகுதான் நான் அழுதேன்.